பொன் துகள் மின்னும் கண்ணாடி!

செம்பழுப்பு நிறம். உள்ளே எண்ணற்ற பொன் துகள்கள். வெளிச்சத்தில் திருப்பினால் நட்சத்திரக் கூட்டம் போல் மின்னும். மோதிரமாகவும், டாலராகவும், மணிமாலையாகவும் விற்கப்படும் இதன் பெயர் ‘கோல்ட்ஸ்டோன்’. வடநாட்டு வியாபாரிகள் ‘சன் சிதாரா’ என்பார்கள்.

பெயரில் ‘கோல்டு’ இருக்கிறது. உள்ளே குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. ‘ஸ்டோன்’ இருக்கிறது, ஆனால் இது கல்லே அல்ல. மனிதன் உலையில் காய்ச்சிய கண்ணாடி!

வெனிஸ் நகர ரகசியம்

இத்தாலியின் வெனிஸ் நகரில், 17-ஆம் நூற்றாண்டில் இது உருவானது. மியோட்டி என்ற குடும்பத்தார் செய்முறையை ரகசியமாகக் காத்தார்கள். தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்லப்படுவதால், அந்த ஊர் மொழியில் ‘அவெஞ்சூரின்’ என்ற பெயரும் வந்தது. பின்னர் இதேபோல் மின்னும் இயற்கைக் கல்லுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். நகலின் பெயரை அசல் வாங்கிக்கொண்டது!

மின்னுவது செம்பு

கண்ணாடிக் கலவையில் செம்பு உப்பைச் சேர்த்து உருக்குவார்கள். உலைக்குள் காற்று அதிகம் புகாமல் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, கண்ணாடி இறுகிவிடாதபடி சூட்டை நிதானமாக வைத்து, மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அப்போது செம்பு பிரிந்து, நுண்ணிய தகடுகளாகப் படியும். அவையே மின்னுகின்றன.

ஆறியதும் கட்டியை உடைத்து எடுப்பார்கள். ஓரப்பகுதி மங்கலாக இருக்கும். நடுப்பகுதியே முதல் தரம். பக்குவம் தவறினால் மினுமினுப்பு வராது. நீலம், பச்சை நிறங்களிலும் இது வருகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

பூதக்கண்ணாடியில் பார்த்தால் முக்கோண, அறுகோணத் தகடுகள் தெரியும். சிலவற்றில் காற்றுக்குமிழியும் இருக்கும். துகள்கள் நெருக்கமாக, எங்கும் ஒரே சீராக மின்னும். இயற்கைக் கல்லில் மினுமினுப்பு இவ்வளவு நெருக்கமாகவும் சீராகவும் இருப்பது அரிது.

விலையில் கவனம்

கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அழகுக்குக் குறைவுமில்லை. “சூரியக்கல், உங்கள் ராசிக்கு உகந்தது” என்று சொல்லி, ரத்தினத்தின் விலை கேட்டால்தான் மோசடி.

ஊருக்குப் பணம் அனுப்பியதுபோக மிச்சம் பிடித்த காசில் நகை வாங்குகிறவர்கள், “இது கல்லா, கண்ணாடியா?” என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எழுதித்தரத் தயங்கும் கடையில் கண்ணாடிக்கு உரிய விலைக்கு மேல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.