இடிக்காமல் திரும்ப எத்தனை வழி?

காலையில் பரவையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும் டவுன் பஸ்ஸில் நின்று பாருங்கள். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழங்கை பக்கத்தில் நிற்பவரின் காதில் இடிக்கும். திரும்பினால் மார்க்கெட்டில் ஏற்றிய கத்தரிக்காய் மூட்டை தடுக்கும். நெளிந்து நிற்க இரண்டு மூன்று வழிதான் மிஞ்சும்.

நம் உடம்பிலுள்ள புரதங்களுக்கும் இதே நெருக்கடிதான். அமினோ அமிலங்களைச் சரமாகக் கோத்தால் புரதம். ஒவ்வொரு அமிலத்திலும் அந்தச் சரம் இரண்டு இடங்களில் கீல்போலச் சுழலும். அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். இஷ்டத்துக்குச் சுழற்றினால் ஓர் ஆக்சிஜன் போய் அடுத்த அணுவில் முட்டும்.

எங்கே முட்டும், எங்கே முட்டாது என்று கணக்கிட்டு ஒரே கட்டத்தில் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். ஆண்டு 1963. அந்த வேலைக்குப் பின்னால் ஒரு பழைய மனக்குறை உண்டு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1950களில் சொன்னபோது, சில அணுக்கள் அதில் மிதமிஞ்சி நெருங்குவதாக பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம்வரை அண்டவிடுகிறது என்று ராமச்சந்திரன் குழுவினர் பட்டியல் போட்டார்கள். பிறகு கோணம் கோணமாகக் கணக்கு. முடிவில் கட்டத்தின் முக்கால் பங்குக்கு மேல் காலி! மிஞ்சிய தீவுகளில்தான் புரதங்களின் வழக்கமான வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் அச்சாக உட்கார்ந்திருந்தன. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இன்று பரவைக்குத் தெற்கே, நாகமலைக்கு அந்தப்பக்கம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் பாடமாகவே நடக்கிறது. 2024-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஹசாபிஸ், ஜம்பர் குழுவின் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்து இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்றைச் செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் அந்த 1963 கட்டத்தில், அதாவது ராமச்சந்திரன் வரைபடத்தில், போட்டுப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். அமிலத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் தீவுகளில் மொய்க்கும். ஒன்றிரண்டு மட்டும் வெளியே விழும். அதைத் தொட்டுப் பாருங்கள். கிளைசின் என்றால் கவலை இல்லை. அதற்குப் பக்கச் சங்கிலி என்று ஒரு ஹைட்ரஜன்தான், மற்றவை நுழையாத பல இடங்களிலும் நுழையும். வேறு அமிலமா? கணிப்பு அங்கே சறுக்கியிருக்கலாம். அல்லது அந்தப் புரதம் தன் வேலையைச் செய்யும் இடமே அதுவாக இருக்கலாம்.