புதிய இயங்குதளமும் அறுபட்ட இணையமும்

1998-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஹைதராபாத்தில் அபிவிருத்தி நிலையமொன்றை நிறுவியது. உலகெங்கும் உபயோகத்திலுள்ள மென்பொருள்களின் ஆக்கத்தில் இந்நகரமும் அதுமுதற்கொண்டு பங்கு பெற்று வருகிறது. அந்நிறுவனத்தின் மென்பொருள்களுள் முதன்மையானது, கணினியின் உறுப்புகளை ஒழுங்குபட இயக்கும் 'விண்டோஸ்' என்னும் இயங்குதளமாகும். 'விண்டோஸ் 10' பதிப்புக்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றமையால், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகள் பலவற்றை அடுத்த பதிப்புக்கு மாற்றும் அவசியம் நேர்ந்தது.

அவ்வாறு மாற்றியவுடன் இணையத் தொடர்பு அற்றுப்போவதும் உண்டு. அந்நிலையில் பொறுமையிழந்து, கணினியை அழித்து மீண்டும் அமைக்கத் துணிந்தால், மதிப்பெண் பட்டியல்களும் களக் குறிப்புகளும் அழிந்துபோகக் கூடும். இணையத் தொடர்பு ஒரு சங்கிலியை ஒத்தது. எந்தக் கண்ணி அறுந்ததென்று வரிசையாக ஆராய்வதே தக்க முறையாகும்.

முதலாவதாக, அதே வைஃபை இணைப்பில் கைப்பேசி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்குமாயின், குறை பெரும்பாலும் கணினியிலேயே உள்ளது எனலாம்.

இரண்டாவதாக, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்தல் வேண்டும். 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்குவது இதற்கு ஈடாகாது. விரைவுத் தொடக்க வசதியுள்ள கணினிகளில், நிறுத்தும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே பழைய குறை நீடிக்கலாம். 'ரீஸ்டார்ட்' செய்யும்போதோ யாவும் புதிதாகத் தொடங்குகின்றன.

2016 டிசம்பரில் பிரிட்டன் முதலிய ஐரோப்பிய நாடுகளில் 'விண்டோஸ் 10' கணினிகள் பலவற்றுக்கு இணையம் தடைப்பட்டது. இயங்குதளத்தின் ஒரு பணிப்பகுதி செயலிழந்ததால், கணினிகள் தமக்குரிய ஐ.பி. முகவரியைப் பெற இயலவில்லை. திருத்தமோ இணையத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தது! அப்போதும் மைக்ரோசாப்ட் முதலில் கூறிய பரிகாரம் 'ரீஸ்டார்ட்' என்பதே. அம்மாதத்திலேயே திருத்தம் வெளியிடப்பட்டது.

மூன்றாவதாக, கணினியின் ஐ.பி. முகவரியைக் காண வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிட்டவில்லை என்பது பொருள். 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் நெட்வொர்க் சாதனத்தின்மீது மஞ்சள் குறி தென்பட்டால், அதன் டிரைவர் புதிய பதிப்புக்குப் பொருந்தாதிருக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்கு அளித்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரைப் பெறலாம்.

நான்காவதாக, முகவரி சரியாயிருந்தும் பக்கங்கள் திறவாவிடில், பழைய வி.பி.என். அல்லது பாதுகாப்பு மென்பொருளை நீக்கிப் பார்க்க வேண்டும். 2015-இல் 'விண்டோஸ் 10' வெளிவந்தபோது, பழைய வி.பி.என். மென்பொருளால் பல கணினிகள் தொடர்பிழந்தன. இதுவும் பயன்தராதபோது 'நெட்வொர்க் ரீசெட்' செய்யலாம். அதற்கு முன் வைஃபை கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்க. முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி சாதாரணமாகப் 10 நாட்கள் வரையே கிட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்தல் நன்று. மேம்படுத்துவதற்கு முன்னரே கோப்புகளின் பிரதியையும் நெட்வொர்க் டிரைவரையும் பென் டிரைவில் சேமித்து வைப்போர், இணையம் அற்ற வேளையிலும் திகைக்க மாட்டார்கள்.