இருவர் ஓட்டும் ஒரே லாரி

அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து நெடுந்தூர லாரி ஓட்டும் தொழில் உண்டு. அங்குள்ள சட்டப்படி, சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பின் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். இருவர் இருந்தால் ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்படுக்கையில் உறங்குவார், வண்டி நிற்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் சுமார் 4,500 கி.மீ. தனி ஆளுக்கு ஐந்து நாள் பிடிக்கும் இந்தத் தூரத்தை இவர்கள் மூன்றே நாளில் கடப்பார்கள். அழுகும் சரக்குக்கு இது பெரும் வசதி.

கூலி பெரும்பாலும் மைல் கணக்கில்தான். சக்கரம் நின்றால் வருமானமும் நின்றுவிடும். கடன் தவணை நிற்காது. ஆகவே, புதிதாக இறங்கும் தம்பதியர் சொந்த லாரி வாங்க அவசரப்படாமல், முதலில் ஒரு நிறுவனத்தின் வண்டியை ஓட்டிப் பார்ப்பதே நல்லது. ஓடும் வண்டியில் உறக்கம் வருகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். துணையின் கையை நம்பிக் கண்மூட முடியாதவர்களுக்கு இத்தொழில் நிலைக்காது. கூட்டு வியாபாரம் செய்யும் நமக்கும் இது பொருந்தும்.