அம்மா அப்பாவுக்குக் கப்பலில் அறை பதிவு செய்வதற்கு முன்

பிள்ளைகள் கனடாவில், இலண்டனில், சுவிஸில். பெற்றோர் ஊரில். பெற்றோருக்கு விசிட்டர் விசா கிடைப்பதில்லை, பிள்ளைகளில் சிலருக்கு ஊருக்கு வர இன்னமும் தயக்கம். இப்படியான குடும்பங்கள் சந்திப்பதற்கு முன்பு சென்னையும் திருச்சியும் இருந்தன. இப்போது சிங்கப்பூரும் சேர்ந்திருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலத்துக்குச் சிங்கப்பூர் போக விசா எடுக்கத் தேவையில்லை. அங்கிருந்து மூன்று அல்லது நான்கு இரவுகளுக்குப் பினாங்கு, புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல்களும் இருக்கின்றன. யாரும் சமைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டத் தேவையில்லை, பேரப்பிள்ளைகள் கண்ணெதிரே ஓடித் திரிவார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இது நல்ல யோசனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால், கப்பல் கம்பனியின் விளம்பரத்தில் இருக்கும் கடல் வேறு, எங்கள் அம்மா அப்பாமாரின் கடல் வேறு. 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பு முகாம்களிலிருந்து காங்கேசன்துறைக்கு ஆட்களை ஏற்றிவந்த 'லங்கா கல்யாணி', 1985 மே மாதம் நெடுந்தீவுக் கடலில் வழிமறிக்கப்பட்ட 'குமுதினி', இராமேஸ்வரத்துக்கு இருட்டில் போன வள்ளங்கள், 2004 சுனாமி, 2009இல் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைத் திருகோணமலைக்குக் கொண்டுபோன 'கிரீன் ஓசன்', 2010இல் 492 பேருடன் கனடாவில் கரையேறிய 'சன் சீ'. எங்களில் பலருக்குக் கப்பல் என்ற சொல்லுக்குப் பின்னால் இவற்றில் ஒன்றாவது நிற்கிறது. என் பெரியம்மா ஒருவர் 1990இல் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர். இன்றைக்கும் டீசல் மணம் பட்டால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது வரவேற்பு பெரிதாக நடந்தது. அந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தங்கள் காணிகளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு கிடைக்கும் நான்கு நாட்கள் சத்தியிலும் பதற்றத்திலும் போய்விடக்கூடாது. அவ்வளவுதான்.

பெரும்பாலான தவறுகள் அறை பதிவு செய்யும்போதே நடந்துவிடுகின்றன. கப்பலில் மிக மலிவானது ஜன்னல் இல்லாத உட்புற அறை. விளக்கை அணைத்தால் கண்ணுக்கு முன் பிடிக்கும் கை தெரியாது. கப்பலில் அறையில் யார் இருக்கப் போகிறார்கள், படுக்க மட்டும்தானே என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். பங்கருக்குள் மாதக் கணக்கில் இருந்த ஒருவர் நடுச்சாமத்தில் அப்படியொரு இருட்டில், கீழே இயந்திர அதிர்வுடன் கண்விழித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல்கனி அறைகள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான் இருக்கின்றன. கப்பலின் ஆட்டம் அங்கே கூடுதலாகத் தெரியும், முன்பக்கமும் பின்பக்கமும் இன்னும் மோசம். ஆகவே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமொன்றில், ஜன்னல் உள்ள அறைதான் முதற்பயணம் போகும் வயதானவர்களுக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். லிப்டுக்குக் கிட்டவாக இருந்தால் நல்லது. இந்தக் கப்பல்களின் நீளம் 300 மீற்றரைத் தாண்டும், முழங்கால் வருத்தம் உள்ளவருக்குச் சாப்பாட்டு மண்டபம் போய்வருவதே ஒரு நடைப்பயணம்.

எந்தக் கடல் என்பதும் முக்கியம். மலாக்கா நீரிணை சுமாத்திராவுக்கும் மலாயாவுக்கும் நடுவே அடைபட்டுக் கிடப்பதால் பொதுவாக அலை குறைவு. முதற்பயணத்துக்கு அதுவே போதும். வங்காள விரிகுடாவில் கார்த்திகை, மார்கழியில் போகும் பயணங்களை அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெடுந்தீவுக்குப் படகில் போய்ச் சத்தியெடுத்தவர்கள், தங்களுக்குக் கப்பல் சரிவராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது சரியான ஒப்பீடல்ல. பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் செட்டை போன்ற பலகைகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். பல மணி நேரம் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

அப்படியும் சிலருக்குத் தலைச்சுத்து வரும். உட்காதிலிருக்கும் சமநிலை உறுப்பு அசைகிறோம் என்று சொல்ல, அறைச் சுவரைப் பார்க்கும் கண் அசையவில்லை என்று சொல்ல, மூளை குழம்புவதுதான் கடல் மயக்கம். அறைக்குள் போய்க் கண்ணை மூடிப் படுப்பதைவிட, திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி இருப்பது உதவும். வெறும் வயிறும் கூடாது, முட்டமுட்டச் சாப்பிடவும் கூடாது. உலர்ந்த பிஸ்கட், இஞ்சித் தேநீர் பலருக்குக் கேட்கிறது. குளிசைகளில் சினரிசின், புரோமெதசின், டைமென்ஹைட்ரினேற் போன்றவை பாவனையில் உள்ளன. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டால்தான் இவை நன்றாக வேலை செய்யும். இவை நித்திரையைத் தரும், வயதானவர்கள் தடுமாறி விழவும் கூடும். கண் அழுத்த நோயோ புரொஸ்ரேற் வீக்கமோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் பார்மசியில் வாங்கிப் போடக்கூடாது.

அடுத்தது, யாரும் அம்மா அப்பாவுக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம். கப்பலேறும் நாளன்றே அவசரகால ஒத்திகை நடக்கும். கப்பலின் ஊதுகுழல் ஏழு தடவை குறுகலாகவும் ஒரு தடவை நீளமாகவும் ஒலிக்கும். ஒலிபெருக்கி முழங்கும், ஆட்கள் ஒரே திசையில் போவார்கள், உயிர்காப்பு அங்கியைக் காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே 'கொஸ்ரா கொன்கோர்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு இந்த விதி இறுக்கப்பட்டது. இப்போது கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே இதை நடத்தியாக வேண்டும், எவருக்கும் விலக்கில்லை. சில கப்பல்களில் காணொளியைப் பார்த்துவிட்டுக் குறித்த இடத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வரலாம், ஆனால் ஊதல் சத்தம் எப்படியும் வரும். ஷெல்லடிக்குச் சைரன் கேட்டு ஓடியவருக்கு அந்த ஒரு நிமிடம் போதும், மீதி மூன்று நாளும் கெட்டுவிடும். "அம்மா, இப்ப ஒரு சத்தம் வரும், அது சும்மா பழக்கிறதுக்கு, நான் பக்கத்திலயே நிக்கிறன்" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். சில கப்பல்களில் இரவில் வாணவேடிக்கையும் உண்டு. எந்த நாள், எத்தனை மணி என்று வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க விருப்பமில்லாதவர் அந்த நேரம் உள்ளே ஒரு தேநீருடன் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்துப் பைக்கு வருவோம். பெரிய பயணப்பொதிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். மருந்துகள், கண்ணாடி, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். எங்கள் அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். அந்த உறையைப் பார்த்து வெளிநாட்டு வைத்தியரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நோய்கள், மருந்தின் பொதுப்பெயர், அளவு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்தை வைத்தியரிடம் வாங்குங்கள், கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்து இருக்கட்டும். நீரிழிவுக்காரர் ஒருவருக்குச் சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால் எந்தக் குளிசையை நிறுத்துவது, இன்சுலினை எப்படிப் போடுவது என்பதையும் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் யோசிக்கும் விஷயமல்ல அது. அதேபோல, வெயிலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலுடன் நடக்க விடாதீர்கள். கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

போருக்குப் பிறகு நித்திரைக் குளிசையோ பதற்றத்துக்கான குளிசையோ பாவிப்பவர்கள் எங்களிடையே நிறையப் பேர். வெளியில் சொல்வதில்லை. அவற்றிலும் கடும் வலிநிவாரணிகளிலும் சிலவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக அந்த நாட்டுச் சுகாதார விஞ்ஞான அதிகாரசபையின் முன் அனுமதி தேவை. ஆகவே பிள்ளைகள் மெதுவாகக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். (வெற்றிலைக்குப் போடும் புகையிலையும் சிங்கப்பூரில் தடை. அப்பாவுக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரியும்.)

உடம்பில் ஷெல் துண்டுடன் வாழ்பவர்கள் அதையும் வைத்தியர் கடிதத்தில் எழுதுவித்துக்கொள்வது நல்லது. துறைமுகத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும் உலோகம் காட்டும் வாசலைக் கடக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், எங்காவது கரையில் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். செயற்கைக்கால் அணிந்தவர்கள், கப்பல் அறைகளின் குளியலறை வாசலில் சிறு படி இருக்கும் என்பதையும் தளங்கள் ஈரத்தில் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். படியில்லாத, கைபிடி உள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு. அவை முதலில் நிரம்பிவிடும், எனவே பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கப்பலில் பரவும் நோய்களில் அதிகம் பேசப்படுவது நோரோ வைரஸ். தொற்றி 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் சத்தி, வயிற்றோட்டம் தொடங்கும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். நான்கு நாள் பயணத்தில் மூன்று நாள் என்பது முழுப் பயணமும்தான். சாப்பாட்டு மண்டப வாசலில் கைக்கு அடிக்கும் அல்ககோல் திரவத்தை நம்பியிருக்காதீர்கள், இந்த வைரஸை அது சரியாகக் கொல்வதில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். ஆயிரம் பேர் பிடித்த கரண்டியால் பரிமாறிவிட்டு அதே கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் நாங்கள் இதில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். முதலில் பரிமாறுங்கள், பிறகு போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடுங்கள். ஜீவனி பைக்கற்றுகள் நாலைந்து கொண்டுபோங்கள். நோய் வந்தால் மறைக்காமல் கப்பலின் மருத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், அது தண்டனையல்ல என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். முகாமில் இருந்தவருக்கு, வெளியே வரக்கூடாது என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும்.

அந்த மருத்துவ நிலையம் இலவசமல்ல. சாதாரண சிகிச்சைக்கே கட்டணம் டொலரில் வரும், நோயாளியைக் கரைக்கு அவசரமாகக் கொண்டுபோக நேர்ந்தால் குடும்பத்தால் தாங்க முடியாத தொகையாகிவிடும். கப்பல் பயணத்தையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் அறுபது வயது கடந்தவரை ஏற்றாதீர்கள். கடலில் தொலைபேசி கப்பலின் சொந்த வலையமைப்பில் இணைந்து பெரும் பில்லைத் தரும். ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆவணங்களில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை என்பதால் கப்பல் தொடும் மற்றத் துறைமுகங்களுக்கும் தேவையில்லை என்று ஆகாது. இறங்காமல் கப்பலிலேயே இருப்பேன் என்றாலும் விசா இல்லாதவரைக் கம்பனி ஏற்றாமல் விடலாம். ஐரோப்பாவிலிருந்து போகும் மத்தியதரைப் பயணங்களில் துருக்கி போன்ற நாட்டுக்குப் போய்த் திரும்பினால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். அகதிப் பயண ஆவணத்துடன் இருக்கும் பிள்ளைகள் பயணப் பாதையை இரண்டு தடவை வாசியுங்கள். ஆசியப் பயணங்களில் சில கொழும்பையோ அம்பாந்தோட்டையையோ தொட்டுச் செல்கின்றன. அந்த ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது, அங்கே போவது அகதி அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கலாம்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்திவிட்டால் மிச்சம் சந்தோஷம்தான். அதற்கும் அவசரப்பட வேண்டாம். காசு கட்டியாயிற்று என்பதற்காக எல்லா நிகழ்ச்சிக்கும் அம்மாவை இழுத்துத் திரியாதீர்கள். விடிய ஐந்தரைக்குத் தளத்தில் ஆளிருக்காது. ஒரு கோப்பித் தேநீருடன் சூரியன் எழும்புவதைப் பார்த்தபடி இருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில், தொலைபேசியில் பத்து வருடமாகச் சொல்லாத கதை ஏதாவது வரலாம். வந்தால் கேளுங்கள், வராவிட்டால் நோண்டாதீர்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் பதிவின்போதே அறிவியுங்கள், இந்தியச் சமையல் பெரும்பாலும் கிடைக்கும். ஊறுகாய்ப் போத்தல் கொண்டுபோவதைத் தடுக்க உங்களால் முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம். ஆனால் துறைமுகத்தில் பறிபோகலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கடலில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் நடுக்கடலில் ஒரு கற்பூரம் கொளுத்த, ஒரு மாலையை விட நினைப்பார்கள். கப்பலில் நெருப்பு முற்றாகத் தடை. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி எல்லாவற்றையும் ஏறும்போதே எடுத்துவிடுவார்கள், கடலுக்குள் எதையும் எறியவும் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாசலில் பெரிய மனவருத்தமாகிவிடும். பக்கவாட்டுத் தளங்களில் சனமில்லாத மூலைகள் இருக்கும். கைகூப்பி நிற்பதற்கு அனுமதி தேவையில்லை. பினாங்கில் இறங்கினால் அங்குள்ள கோயிலொன்றில் விளக்கேற்றலாம்.

கடைசி இரவு பயணப்பொதிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாட் காலைக் குளிசையும் கடவுச்சீட்டும் மாற்றுடுப்பும் அதற்குள் போய்விடாமல் பாருங்கள். இறங்கிய பிறகு ஒன்றிரண்டு நாள் தரை ஆடுவதுபோல இருக்கும், படியில் கைபிடித்து இறங்கட்டும். அன்றைக்கே விமானம் ஏற்றாமல் ஓரிரவு சிங்கப்பூரில் தங்கிப் போனால் இரு பக்கமும் பிரிவு கொஞ்சம் ஆறுதலாக நடக்கும்.