இரண்டு சோழர் ஏரிகள்... இரண்டு நாள் பயணம்!

சம்பா அறுவடை முடிந்து, களத்து வேலையும் ஓய்ந்து, வயலில் தெளித்த உளுந்து பச்சை கட்டி நிற்கும் தை, மாசி மாதங்களில் டெல்டா விவசாயிக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டால், குடும்பத்தோடு எங்கேயாவது போய் வரலாம். ஊட்டி, கொடைக்கானல் என்று செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தைத் தாண்டியதும், சோழர்கள் வெட்டிய இரண்டு பெரிய ஏரிகளும் அவற்றை ஒட்டிய பழைய ஊர்களும் இருக்கின்றன. ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கம். இன்னொன்று காட்டுமன்னார்கோவில் பக்கம் உள்ள வீராணம். முதல் ஏரி பெயரளவில் இருக்கிறது. இரண்டாவது ஏரி ஆயிரம் ஆண்டு கடந்தும் நெல் விளைவிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி ஆனது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

அணைக்கரையில் தொடங்குங்கள்

கும்பகோணத்திலிருந்து சென்னை சாலையில் வந்தால் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை. ஊருக்கே அணைக்கரை என்றுதான் பெயர். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் கட்டப்பட்டது. முக்கொம்பில் மேலணை கட்டிக் காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பியதும், கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி நிலங்களுக்குத் தண்ணீர் குறையும் நிலை வந்தது. அதைச் சரிக்கட்டவே இந்த அணை. காவிரியில் பாசனத்துக்குப் போக மிஞ்சி வரும் தண்ணீரையும் வெள்ளத்தையும் இங்கே மறித்து, இரு பக்கமும் வாய்க்கால்களில் பிரித்து விடுகிறார்கள். தென்கரையில் தெற்கு ராஜன் வாய்க்காலும் குமுக்கிமண்ணியாறும். வடகரையில் வடக்கு ராஜன் வாய்க்காலும் வடவாறும்.

வடவாற்றின் தலைமதகை மறக்காமல் பாருங்கள். நாளை பார்க்கப்போகும் வீராணத்தின் உயிர் இங்கேதான் தொடங்குகிறது. மேட்டூர் அணை திறந்து, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து, இந்த மதகு தூக்கப்பட்டால்தான் கடலூர் மாவட்டத்தின் கடைமடையில் நாற்றங்கால் போட முடியும்.

இந்த அணையில் இன்னொரு விஷயமும் புதைந்து கிடக்கிறது. கட்டுமானத்துக்குத் தேவையான கருங்கல்லை எங்கிருந்து எடுத்தார்கள்? சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் சுவரைப் பிரித்துக் கொண்டு வந்தார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 19-ம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் குறிப்பே சொல்கிறது.

தண்ணீரில் நட்ட வெற்றித் தூண்

அணைக்கரையிலிருந்து வடக்கே, அதே சாலையில் கங்கைகொண்ட சோழபுரம். கங்கைக் கரை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன், தஞ்சையை விட்டு இங்கே புதுத் தலைநகரம் அமைத்தான். கோயிலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் 2004-ல் சேர்த்தது. சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்கவே தனியாக வரலாம். குழந்தைகள் சிங்கமுகக் கிணற்றை விட்டு நகர மாட்டார்கள். மதியம் 12 முதல் 4 மணி வரை நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. சுற்றி வரும்போது மதில் இருக்க வேண்டிய இடத்தில் நின்று, காலையில் பார்த்த அணையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலோடு பலரும் திரும்பிவிடுகிறார்கள். விவசாயிகள் பார்க்க வேண்டியது அதற்கும் மேற்கே இருக்கிறது. வென்று வந்த அரசர்கள் கல்லில் தூண் நடுவார்கள். ராஜேந்திரன் நட்டது தண்ணீரில் என்று அவன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையோடு சொல்கிறது. அந்தத் தூண்தான் சோழகங்கம் ஏரி. மக்கள் வாயில் பொன்னேரி.

வடக்கு தெற்காக அதன் கரை 16 மைல் நீளம் இருந்ததாக 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் அதிக நீளமான வாய்க்கால் ஒன்று தெற்கு முனையில் வந்து சேர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து சிறிய வாய்க்கால் ஒன்று வடக்கு முனையில் இறங்கியது. இரண்டு ஆறுகளின் தண்ணீரை ஒரே ஏரியில் சேர்த்த திட்டம் அது. ஆனால், அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி பயனற்றுப்போய், உள்ளே அடர்ந்த காடு மண்டிக் கிடந்தது. வாய்க்கால்களின் தடம் மட்டும் மிச்சம்.

படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்துவிட்டார்கள் என்பது செவிவழிக் கதை. அப்படியே இருந்தாலும், உடைந்த கரையை ஊர் கூடி அடைத்துவிடலாம். 60 மைல் வாய்க்காலை ஆண்டுதோறும் தூர் வாரி, கரை கட்டி, இடையில் யாரும் மறித்துக்கொள்ளாமல் காப்பது ஊர் கூடிச் செய்கிற வேலை இல்லை. அதற்குப் பின்னால் ஓர் அரசு நிற்க வேண்டும். சோழர் ஆட்சி போனது, தலைநகரம் சிற்றூரானது, வாய்க்காலும் போனது. இன்றைக்குப் பொன்னேரியில் நிற்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர். கரையில் ஏறி நின்றால், எவ்வளவு பெரிய பரப்பு வெறுமனே போயிற்று என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

இரவு தங்க ஜெயங்கொண்டத்தில் விடுதிகள் உண்டு. கும்பகோணத்துக்கே திரும்பிப் போய் மறுநாள் வரவும் முடியும்.

வெற்றிலையும் வீராணமும்

இரண்டாம் நாள் மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோவில். ஏரி வெட்டிய முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பெயர். ஊர் வீரநாராயண சதுர்வேதிமங்கலம், ஏரி வீரநாராயண ஏரி. அதுவே வீராணமாகச் சுருங்கியது. அவன் மகன் ராஜாதித்தன் படை வீரர்களைக் கொண்டு வெட்டியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரும் இதுதான். ஏரிக்கு அந்தக் காலத்தில் 74 மதகுகள் என்றும், அந்த எண்ணை வைத்தே ராமானுஜர் 74 ஆசாரியர்களை அமர்த்தினார் என்றும் வைணவர்கள் சொல்வார்கள். மதகுக் கணக்கை மடத்துக் கணக்கோடு சேர்த்த ஊர் வேறு இருக்கிறதா தெரியவில்லை!

ஊரை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கதை படித்தவர்கள் கொலையாளி யார் என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். உண்மையில் அது ஒரு நிலப் பத்திரம். அந்தக் குடும்பங்களிடமிருந்து பறிமுதலான நிலம் விலையாகிக் கோயில் தர்மத்துக்குப் போன விவரம்தான் கல்லில் இருக்கிறது. நேரம் இருந்தால் சுமார் 6 கிலோமீட்டரில் மேலக்கடம்பூர். தேர் போலவே சக்கரமும் குதிரையும் வைத்துக் கட்டிய குலோத்துங்கன் காலத்துக் கோயில்.

அடுத்தது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் பழைய அரபுக் கல்லூரிக்கும் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து ஏரிக்கரைச் சாலை வடக்கே சேத்தியாத்தோப்பு வரை போகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வருவது இந்தக் கரையில்தான். மாட்டு வண்டி வேகத்தில் போனால் போதும், அவசரப்பட வேண்டாம். மழைக்காலத்துக்குப் பிறகு நீர்ப்பறவைகள் கூட்டமாக வந்திறங்கும்.

ஏரியின் நீளம் 16 கிலோமீட்டர். 34 மதகுகள் வழியாக 44,856 ஏக்கர் பாய்கிறது. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ‘ஏரி 47.50 அடி நிரம்பியது’ என்று செய்தியில் வரும்போது பலர் அதை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து எடுத்த அளவு அது. ஏரி அகலமே தவிர ஆழமில்லை. சராசரியாகப் பார்த்தால் ஒரு ஆள் உயரம்கூடத் தேறாது. அதனால்தான் இங்கே வண்டல் பெரிய பிரச்னை. வடவாறு ஆற்று வண்டலைக் கொண்டு வருகிறது. அரியலூர் மாவட்டத்தில் கனமழை பெய்தால் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து இறங்குகின்றன. ஒரு அடி மண் படிந்தாலும் அந்த அளவுக்கு ஆயக்கட்டின் பங்கு குறைகிறது. மிகை வெள்ளம் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் போகிறது. அதை ஒட்டிய ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஏரியின் அளவைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏரி நிறைவது ஒருவருக்குச் சந்தோஷம், இன்னொருவருக்குத் தூக்கமில்லாத இரவு.

கந்தகுமாரனில் ராதா மதகைப் பார்த்துவிட்டு மேலே போனால், சேத்தியாத்தோப்பு பக்கம் சென்னைக்குக் குடிநீர் எடுக்கும் இடம். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் போகிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். வறட்சி ஆண்டில் ஏரியில் எவ்வளவு நிறுத்துவது, எவ்வளவு மதகில் விடுவது என்பதில் பாசனமும் குடிநீரும் முட்டிக்கொள்ளும். கடைமடைக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், தலைநகரமே இந்த ஏரியை நம்பியிருப்பதால் வடவாற்றில் தண்ணீர் வந்துகொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் அரசுக்கு இருக்கிறது. சோழகங்கத்துக்கு அப்படிக் கேட்க யாரும் மிஞ்சவில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒரு மதகின் அருகே இறங்கி, ஏரித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் இடத்தைக் காட்டுங்கள். நேற்று அணைக்கரையில் பார்த்த அதே தண்ணீர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கரையில் கடைகள் குறைவு. குடிநீரும் சாப்பாடும் லால்பேட்டையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம் என எந்தப் பக்கமும் பேருந்து பிடித்து, மாலைப் பால் கறவைக்கு இல்லாவிட்டாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம்.