குழாயில் வந்த குரல்

எழுபதுகளில் எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் பந்தக்காலுக்கு அடுத்தபடி தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறும். மைக்செட்டுக்காரர் கீழே நின்றுகொண்டு ஒன்றைக் கிழக்கே பார்த்தும் ஒன்றை மேற்கே பார்த்தும் கட்டச் சொல்வார். தகரப் பெட்டியைத் திறந்து, இசைத்தட்டைப் பழைய வேட்டித் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து முள்ளை வைத்தால், முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைப் பாடுவார். நாலைந்து தட்டு கழித்து நாகூர் ஹனீபா வந்து அல்லாவைப் பாடுவார். மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தச் சாமி என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பந்தலில் இருந்தவர்களும் கேட்டதில்லை. இரண்டு கல் தள்ளிச் சம்பா வயலில் குனிந்திருப்பவர் நிமிர்ந்து, "கல்யாண வீட்டுல ஹனீபா வச்சிட்டான்" என்பார். பாட்டுக்குப் பெயர் கிடையாது, ஹனீபா என்றாலே போதும்.

இ.எம். ஹனீபா 1925 டிசம்பர் 25 அன்று ராமநாதபுரத்தில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்த ஊர் நாகூர். அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல்தான். நாகூரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா நிற்கும் தர்கா உள்ள ஊர் அது. கர்நாடக இசை கற்ற எஸ்.எம்.ஏ. காதர் அந்தத் தர்காவில் ஆஸ்தான வித்வானாக இருந்தார். ஹனீபாவோ முறையாகச் சங்கீதம் படித்தவர் அல்லர். முஸ்லிம்கள் கூடிப் பாடும் பைத்து சபையிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாடிப் பாடித் திறந்த தொண்டை அது. தெருவில் நடந்துகொண்டே, ஒலிபெருக்கி இல்லாமல், கடைசி ஆளுக்கும் கேட்கப் பாட வேண்டும். அதுதான் அவருக்குக் குருகுலம்.

பக்தியில் பழகிய குரல் உலகியலுக்கு வந்த கதை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே கறுப்பின மக்கள் 'சோல்' என்று ஓர் இசையை வைத்திருக்கிறார்கள். தேவாலயத்தில் உருகிப் பாடும் முறையை ரே சார்லஸ் 1950களில் உலகியல் பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, கடவுளுக்கு உரிய குரலைக் கடைத்தெருவுக்கு இழுத்துவிட்டார் என்று பக்தர்கள் கொதித்தார்கள். டெட்ராய்ட்டில் போதகரான தந்தையின் சபையில் பாடத் தொடங்கிய அரீத்தா ஃபிராங்க்ளினின் குரல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கும் குரலானது. நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்ல எனக்குத் தெரிந்தவர் ஹனீபாதான். வாலிபத்தில் திருவாரூரில் மு. கருணாநிதியோடு தொடங்கிய நட்பு அவரைத் திராவிட இயக்கத்தில் கொண்டுபோய்விட்டது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடிய அதே தொண்டைதான் அண்ணாவையும் உதயசூரியனையும் பாடியது. கடவுளை மறுத்தவர்கள் நிறைந்த மேடையில் ஐந்து வேளைத் தொழுகைக்காரர் ஒருவர் பாடினார். இரு பக்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

தி.மு.க. மாநாட்டுக்குத் தலைவர்கள் வந்துசேர நேரமாகிவிடும். வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவர்களைக் கலைந்துபோகாமல் பிடித்துவைப்பது ஹனீபாவின் வேலை. கட்சி அவரை மேலவைக்கு அனுப்பியது, வக்ஃபு வாரியத் தலைவராக்கியது. 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் நின்று தோற்றார். ஊர் ஊராக ஓட்டுச் சேர்த்துக்கொடுத்த குரலுக்குத் தன் வெற்றி கைகூடவில்லை. ஆனாலும் கட்சி மாறவில்லை.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு தூரம் போனது? கூம்புக் குழாய் அடிக்குரலைத் தின்றுவிடும். தபேலாவின் கும்கி அதில் கேட்காது. மேல் ஸ்தாயியில் நிற்கும் ஆண்குரல் மட்டும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஹனீபா வாழ்ந்ததே அந்த மேல் ஸ்தாயியில்தான். மீதியை எங்கள் மண் பார்த்துக்கொண்டது. மலை இல்லை, மேடு இல்லை, தண்ணீர் நிற்கும் சமவெளி. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் வளைந்து தரைக்கே திரும்பும். பக்கத்து ஊர்க் கச்சேரியைப் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறோம்.

இன்று அந்தக் குழாய் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கூம்புக் குழாயைப் பகலிலும் போலீஸ் கழற்றச் சொல்கிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படித்த பிள்ளையும் காய்ச்சலில் கிடந்த கிழவியும் அன்று பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது கல்யாணம் மண்டபத்தில், பாட்டு பெட்டிப் பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கரில். அடிவயிறு அதிர்கிறது, அடுத்த தெருவுக்கு என்ன பாட்டு என்று தெரியாது.

ஹனீபா 2015 ஏப்ரல் 8 அன்று, எண்பத்தொன்பது வயதில், சென்னையில் இறந்தார். நாகூர் மண்ணில் அடக்கமானார். தர்கா வாசல் கடைகளில் அவருடைய கேசட்டுகளை அடுக்கிவைத்த காலம் மலையேறிவிட்டது. பாட்டுகள் மட்டும் எங்கும் போகவில்லை. பெயரைத் தட்டினால் கைப்பேசி எல்லாவற்றையும் கொட்டுகிறது, முள் கீறும் சத்தமும் இல்லாமல்.

ஆனால் பெயரைத் தட்டுபவனுக்குத்தான் கிடைக்கிறது. அன்று யாரும் ஹனீபாவைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் காதில் விழுந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியவருக்கும், களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் கிடந்தவருக்கும் விழுந்தார். எங்கள் அம்மா நபிகள் மீதான பாட்டை முணுமுணுத்தபடி அரிசி களைந்தது இப்படி விழுந்ததால்தான். அவள் தேடிப்போய்க் கற்றதில்லை. இன்று என் பேரனின் காதில் ஒரு பாட்டு, மருமகள் காதில் வேறொன்று. ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். அடுத்தவர் சாமியின் பாட்டு தற்செயலாகக் காதில் விழ வழியே இல்லை.

போன மாதம் திருவாரூரிலிருந்து நாகூர் பஸ்ஸில் போனேன். கீழ்வேளூர் தாண்டியதும் முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் ஹனீபாவை வைத்தார். காதில் மாட்டுகிற ஒயர் அவரிடம் இல்லை. சின்ன ஸ்பீக்கர், அடிக்குரல் இல்லை, தகரச் சத்தம், பழைய குழாய் மாதிரியே. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். நாகப்பட்டினம் வரை பஸ் முழுக்கக் கேட்டது.