விண்கலம் வரைவோம், வாழிடம் திட்டமிடுவோம்

“வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடுகிற எங்களுக்கு விண்கலம் எதற்கு, சுவாமி?” பளையில் விண்கலச் சித்திரப் போட்டி ஒன்றை நடத்துவோம் என்று நாம் சொன்னால் இப்படித்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நூறு குடும்பங்கள் பல ஆண்டுகள் தங்கி வாழும் கலம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் வராது; ஒரு பிடி குப்பையையும் வெளியே எறிய முடியாது. எதை ஏற்றுவது, எதை விடுவது, எந்த விதையைக் காப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஒரே இரவில் வீட்டை விட்டுக் கிளம்பி, தறப்பாளின் கீழ் மறுபடி அடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரியாத பாடமா?

அறிஞர்களும் இப்படித்தான் தொடங்கினர். 1975இல் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகமும் இணைந்து பத்து வாரங்கள் ஓர் ஆய்வை நடத்தின. 10,000 பேர் வாழக்கூடிய, சக்கர வடிவிலான விண் குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட்டனர். அங்குள்ள வீடுகளையும் வயல்களையும் ஓவியர்கள் வரைந்து காட்டினர். 1994 முதல் மாணவர்களுக்கென இத்தகைய வடிவமைப்புப் போட்டியும் நடத்தப்பட்டது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015இல் அங்கேயே வளர்த்த கீரையை உண்டனர். 2023இல் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் ஆகியவற்றிலிருந்து நூற்றுக்கு 98 பங்கு நீரை மீட்டெடுத்தனர். உவர் நீரோடு மல்லுக்கட்டும் எமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இனிச் செய்யும் முறை. மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை ஆசிரியர் ஆகியோர் சேர்ந்து ஒரு குழுவை அமைக்கலாம். ஐப்பசியில் விதைப்பு வேலை இருப்பதால் அறுவடை முடிந்த பின் நாள் குறிப்பது நல்லது. குடும்பத்துக்கு ஒரு படம். பேரப்பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தே வரைய வேண்டும். பழைய கலண்டரின் பின்பக்கமும் அடுப்புக்கரியும் போதும். வர்ணம் வாங்க வசதியில்லாத வீடு பின்னுக்கு நிற்கக் கூடாது. கைத்திறன் எம்மவரிடம் நிறையவே உண்டு. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று மூங்கிலும் கடதாசியும் கொண்டு எத்தனை வடிவங்களில் பட்டம் ஏற்றுகிறார்கள்!

படம் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும்? மலசலகூடக் கழிவு எங்கே போகும்? ஆடு மாடு எங்கே நிற்கும்? கால் இழந்தவர் தள்ளுவண்டியில் எப்படிப் போவார்? கிராமம் எங்கே கூடிப் பேசும்? நடுவர்களாக ஒரு கமக்காரர், ஒரு குடும்பநல மருத்துவமாது, ஒரு சித்திர ஆசிரியர் இருக்கட்டும். அழகுக்கு 30 புள்ளி, பயன்பாட்டுக்கு 70. பங்குபற்றிய எல்லா வீட்டுக்கும் ஒரு தென்னங்கன்று கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சில பிள்ளைகள் குண்டு போடும் விமானத்தை வரையக்கூடும். கண்டிக்க வேண்டாம், கிளறிக் கேட்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், அது போதும்.

2016இல் வடக்கு கிழக்கிற்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தரும் திட்டம் வந்தபோது, அவை எமது வெக்கைக்கு ஏற்றவையல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. குடியிருக்கப் போகிறவரைக் கேளாமல் வீட்டைத் தீர்மானித்தால் வரும் விளைவு அது. தான் வாழும் இடத்தைத் தானே வரைந்து பழகியவர், அடுத்த திட்டம் வரும்போது கைகட்டி நிற்க மாட்டார். “எங்கள் கிணறு எங்கே, கோடி எங்கே, முற்றம் எங்கே?” என்று கேட்பார்.

பரிசளிப்பு முடிந்ததும் படங்களைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கிராமக் கூட்டத்தை அவற்றின் முன்னே நடத்துங்கள்.